ஒட்டும் உறவும்

மார்ச் 4

மாமா அவர்களுக்கு,

என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். தபால்காரரைத் தடுக்க இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்பதால் இந்தக் கடிதம்.

நூலக மாடியில் உங்கள் படக் கண்காட்சியைப் பார்த்தேன். பார்ப்பதற்காகப் போகவில்லை. அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழுது, வேலைக்காகப் போனேன். மேலே வந்து கதவு திறந்ததும் எதிரே அக்கா. சுவர் உயரத்துக்கு. போன வருடம் போய்ச் சேர்ந்தவள் லிஃப்டுக்குக் காத்திருப்பதுபோல் நின்றால் ஒரு மெக்கானிக் என்னதான் செய்வான்? கதவை மூடிக் கீழே போய்விட்டேன். பிறகு படி ஏறி வந்தேன்.

படம் நன்றாக இருக்கிறது. நீங்கள் இருவரும் போன ஊர்களையெல்லாம் வெட்டி ஒட்டி ஒரே ஊராக்கியிருக்கிறீர்கள். ரயில் பெட்டிப் படியிலிருந்து இறங்கினால் நேராக ஏரித் தண்ணீர். தண்ணீருக்கு மேலே ஏதோ விடுதியின் ஜன்னல், அதில் உலரும் துண்டு. நடுவில் அக்கா, அவள் தோளில் ஒரு கை.

அந்தக் கை என்னுடையது.

சுண்டுவிரல் வளைந்திருக்கிறது பாருங்கள். லிஃப்ட் கதவில் மாட்டிய விரல். எல்லோருமாக மலைக்குப் போனபோது எடுத்த படம் அது, அக்கா பக்கத்தில் நான் நின்றேன். என்னை வெட்டிவிட்டீர்கள். சரி. "உனக்கும் எனக்கும் இனிமே ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று அக்காவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த அன்று நீங்கள் சொன்னபோதே எதிர்பார்த்ததுதான். அதிலும் ஒட்டு வேலை செய்பவர் சொன்னதால் வார்த்தை பொருத்தமாகவே இருந்தது. ஆனால் ஆளை எடுத்துவிட்டுக் கையை மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்? போதாக்குறைக்கு அந்தக் கைக்கு அக்காவின் சட்டையை மாட்டி, அவளே தன் தோளைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் செய்திருக்கிறீர்கள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் தன் கணவரிடம், "தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கிற மாதிரி எவ்வளவு நயமா வச்சிருக்கா பாருங்க கையை" என்றார். அந்தக் கையில் கிரீஸ் வாடை அடிக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒன்று, என்னைத் திரும்பப் படத்தில் வையுங்கள். இல்லையென்றால் கையைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன் (மணிக்கட்டு வரை)

*

மார்ச் 11

மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கை உங்களுடையதுதான். மறுக்கவில்லை.

அதை வேண்டுமென்று வைக்கவில்லை. எடுத்தால் அதற்குக் கீழே தோள் இல்லை. கேமரா பார்க்காத தோளை நான் எங்கே போய்த் தேடுவது? வேறொரு பயணத்துத் தோளை ஒட்டிப் பார்த்தேன், வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்தது. இந்த வேலையில் ஊரை மாற்றலாம், பருவத்தை மாற்றலாம், ஆளையே மாற்றலாம். வெளிச்சம் விழும் பக்கத்தை மட்டும் மாற்ற முடியாது. சிறு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் முகத்தைச் சுளிக்கும். ஆகவே உங்கள் கை அங்கே இருப்பது உறவினால் அல்ல, ஒளியினால். கண்காட்சிக்கு வந்தவர்களுக்கு அந்தக் கைதான் மிகவும் பிடித்திருக்கிறது என்பது எனக்கு உவப்பான செய்தி அல்ல.

பதிலுக்கு நான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. போன ஜூலையில் நான் ஸ்டூடியோவில் இருந்த நேரம் பார்த்து அவளை அழைத்துக்கொண்டு போனீர்கள். சாப்பாட்டு மேஜைமேல் ஒரு துண்டுச் சீட்டு: 'தம்பியோட போறேன், பயப்படாதீங்க.' மருத்துவர் ஓய்வு என்று எழுதிக்கொடுத்த ஒருத்தியைப் பேருந்தில் ஏற்றி, ஊர் பேர் தெரியாத இடத்தில் ஒரு வாரம் வைத்திருந்து கொண்டுவந்து விட்டீர்கள். அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். பயணத்தால்தானா என்று மருத்துவரைக் கேட்டேன். படித்தவர், மாட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதில் தேவையில்லை. அவளுக்கு மிச்சமிருந்த நாட்கள் கொஞ்சம். அவற்றில் ஒரு வாரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அது என்னுடைய வாரம்.

அங்கே அவளைப் போனில் படம் எடுத்தீர்கள் என்று உங்கள் மனைவி வாய் தவறிச் சொன்னார். அந்தப் படங்கள் வேண்டும். கண்காட்சி அடுத்து பெரிய அரங்குக்குப் போகிறது. எங்கள் எல்லாப் பயணங்களும் சுவரில் இருக்கின்றன. கடைசிச் சுவர் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

இப்படிக்கு,
அவளுடைய கணவன்

*

மார்ச் 19

மாமா அவர்களுக்கு,

நீங்கள் என்னை 'நீங்கள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பி முகவரியைப் படித்தேன். இத்தனை வருடம் 'வாடா, போடா' என்று வாங்கிக்கொண்டிருந்த மரியாதையே வசதியாக இருந்தது.

படங்களைத் தர முடியாது.

அக்காவை நான் கடத்திக்கொண்டு போகவில்லை. அவளே போன் செய்து, "அடுத்து எங்கடா வேலை?" என்று கேட்டாள்.

"துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீஸ் கட்டடம். பழைய லிஃப்டைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டணும்."

"பார்க்கறதுக்கு அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. எதிர்ல ஒரு குடோன் இருக்கு. அதோட கதவுகூட மூடியே இருக்கும்."

"அப்ப நானும் வரேன்."

"அக்கா, ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்."

"அதனாலதான்டா. பார்க்க ஏதாவது இருந்தா உன் மாமாவும் கேமராவைத் தூக்கிட்டு வந்துடுவாரு."

உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், கேட்டது நீங்கள். அந்தப் படங்களை எடுக்கும்போதே சொல்லிவிட்டாள்: "மாமாகிட்ட மட்டும் காட்டாதே. சரி பண்ணிடுவாரு."

அவள் சொன்னதில் தப்பு என்ன? நீங்கள் இருவரும் போன ஊரிலெல்லாம் மழை. அது உங்கள் ராசி. நனைந்துகொண்டே போய், தும்மிக்கொண்டே வருவீர்கள். ஒரு வாரம் கழித்துப் படத்தைக் காட்டினால் எல்லாவற்றிலும் நீல வானம். எல்லாம் ஒரே வானம். வலது மூலையில் முயல் மாதிரி ஒரு மேகம் உட்கார்ந்திருக்கும். மலையில் அதே முயல், கடற்கரையில் அதே முயல், ரயில் நிலையத்துக்கு மேலேயும் அதே முயல். அக்கா போன இடமெல்லாம் கூடவே போயிருக்கிறது. அதற்கு என்றைக்காவது டிக்கெட் எடுத்தீர்களா?

உங்கள்
மைத்துனன்

*

ஏப்ரல் 2

மச்சானுக்கு,

முயலைப் பற்றி எழுதியிருந்தாய். ஸ்டூடியோவில் யாரும் இதுவரை கவனித்ததில்லை. உனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, வாய்தான் நீளம்.

அந்த வானம் வந்த கதையையும் கேட்டுக்கொள். கல்யாணமாகி முதலில் போன பயணம். போனதிலிருந்து மழை. வந்து படங்களைக் கழுவிக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நாம சந்தோஷமா இருந்த மாதிரியே தெரியலியே" என்றாள். குறை சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னாள். வேறொரு படத்திலிருந்து ஒரு வானத்தை எடுத்து ஒட்டிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆமா, இப்படித்தான் இருந்துது" என்றாள். அன்றிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஒருவன் மனைவிக்குப் பூ வாங்கிக் கொடுப்பான், நான் வெயில் வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம்.

அது போகட்டும். அரங்குக்காக என்று எழுதினேன் அல்லவா? அரங்கு ஒரு சாக்கு. உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அவள் முகம் மறந்துகொண்டு வருகிறது.

கண்ணை மூடினால் நூலகச் சுவரில் நீ பார்த்தாயே, அந்த முகம்தான் வருகிறது. அது நான் செய்தது. கண் ஒரு பயணத்திலிருந்து எடுத்தது, சிரிப்பு இன்னொன்றிலிருந்து. தாடையில் ஒரு நிழல் போதவில்லை என்று கையால் போட்டேன். அந்த நிழல்கூட ஞாபகம் வருகிறது, அவள் வரமாட்டேன் என்கிறாள். நோய் வந்தபிறகு நான் அவளை ஒரு படமும் எடுக்கவில்லை. கேமராவைத் தொட்டாலே, "இருங்க, தயாராகிட்டு வரேன்" என்று உள்ளே போவாள். வர நேரமாகும். வருவதற்குள் நான் கேமராவை உள்ளே வைத்திருப்பேன். அவளைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன்.

எங்கள் வேலையில் முதல் பாடம், அசலைப் பத்திரமாக வைத்துவிட்டு நகலில்தான் கைவைக்க வேண்டும் என்பது. நான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் இருப்பதெல்லாம் நகல். அசல் உன் போனில் இருக்கிறது.

சுவரில் மாட்ட மாட்டேன். திருத்த மாட்டேன். பார்க்கத்தான்.

உன் மாமா

*

ஏப்ரல் 10

மாமா,

தயாராகவே வைத்திருந்த நாலு பதில்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்கள் கடிதத்துக்கு முன்னால் அவை நிற்கவில்லை.

படங்களைக் காகிதத்தில் அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். போனிலிருந்து அனுப்பவில்லை. உங்களை நம்பவில்லை என்று இல்லை, உங்கள் கையை நம்பவில்லை. அக்கா சொன்னதை மீறுகிறேன். அவள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன், பழக்கம்தான்.

பார்ப்பதற்கு முன் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் காவலாளி உட்காரும் மூலை. அவர் நல்ல மனிதர், தன் நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். நான் வேலை செய்வேன், அக்கா உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏசி குளிர் அதிகம். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரமும் அப்படியே போனது.

கடைசி நாள் புது லிஃப்டைச் சோதிக்க வேண்டும். எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்போம்.

"மூட்டைக்குப் பதிலா நான் ஏறட்டுமா?" என்றாள்.

"நீ இப்ப கால் மூட்டைகூட இருக்க மாட்டே."

"அப்ப நாலு தடவை போயிட்டு வரேன்."

போயும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கும்போது ஏதோ வெளியூர் போய்த் திரும்பியவள் மாதிரி, "அங்க மழையே இல்லடா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

படங்கள் எப்படி இருக்கின்றன என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே பாருங்கள்.

உங்கள்
மைத்துனன்

*

ஏப்ரல் 18

மச்சானுக்கு,

உன் உறை வந்தது. பிரிக்க இரண்டு நாள் மனம் வரவில்லை. இன்று ஸ்டூடியோவுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மேஜையைத் துடைத்து, விளக்கைச் சரியாக வைத்துக்கொண்டு பிரித்தேன்.

அச்சடித்த கடைக்காரன் உறையை மாற்றிவிட்டான், அல்லது நீ போனில் தவறான படங்களைக் காட்டியிருக்கிறாய். வந்திருப்பவை நீ எழுதியிருந்த காவலாளியின் படங்கள். வயதான மனிதர், உன் கம்பெனி மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, மொட்டைத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றிலும் அவரேதான். முன்பல் ஒன்றும் இல்லை. ஒரு படத்தில் வாயைத் திறந்து அப்படி ஒரு சிரிப்பு. அவளைத் தேடினேன். பின்னால் எங்காவது நிற்கிறாளா, கண்ணாடியில் நிழலாவது விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துக்கூடப் பார்த்துவிட்டேன். இல்லை.

எரிச்சலோடு எழுத உட்கார்ந்தேன், ஆனால் தொழில்காரனாக ஒன்று சொல்லத்தான் வேண்டும். உன் காவலாளிக்கு நல்ல முகம். கேமரா முன்னால் கூச்சமே இல்லாத முகம் லட்சத்தில் ஒன்று. என் வாழ்நாளில் எனக்கு அப்படி ஒன்று வாய்த்ததில்லை. கட்டை விரலை லென்ஸில் வைத்துப் படம் எடுக்கும் உனக்கு வாய்த்திருக்கிறது.

ஆனால் எனக்கு வேண்டியது அவள். இவற்றைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். அந்த மனிதரிடம் சேர்த்துவிடு, சந்தோஷப்படுவார். அவளுடையதைத் தாமதிக்காமல் அனுப்பு. உன்னைக் கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டேன் என்பதை இரண்டு பேருமே கவனித்திருப்போம்.

உன் மாமா

*

ஏப்ரல் 24

மாமா,

உறை மாறவில்லை.

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் வேலைக்குக்கூடப் போகவில்லை. என் மனைவி, "நேர்ல போய்ச் சொல்லுங்களேன்" என்றாள். நேரில் வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம், கடைக்காரன்தான் மாற்றிவிட்டான் என்று சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

காவலாளிக்கு என்னைவிட வயது கம்மி. தலை நிறைய முடி.

அக்காவின் தலைமுடி விக் என்று உங்களுக்குத் தெரியும், கடை கடையாக ஏறி வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான். பல்செட்டும் தெரியும். புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வாள் என்பது தெரியுமோ தெரியாதோ. இது எதுவும் இல்லாமல் அவளை நீங்கள் பார்த்ததில்லை. அதுவரை நானும் பார்த்ததில்லை. போகும்போது பேருந்து ஊரெல்லை தாண்டியதும், "ஜன்னல் பக்கம் திரும்பிக்கோடா" என்றாள். நான் திரும்பி உட்கார்ந்தபோது பக்கத்தில் வேறு யாரோ இருந்தார்கள். நீங்கள் கண்டுபிடிக்காததில் ஆச்சரியம் இல்லை, மாமா. எனக்கே அவள் பேசினபிறகுதான் உயிர் வந்தது.

"தலை எப்படி அரிக்குது தெரியுமா? தூங்கும்போதுகூட மாட்டிக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள்.

"ராத்திரியாவது கழட்டேன்."

"காலைல எனக்கு முன்னாடி அவரு எழுந்துட்டா?"

"எழுந்தா என்ன? ஏதாவது சொல்லுவாரா?"

"சொல்ல மாட்டாரு. பார்ப்பாரு. எந்த இடத்துல என்ன பண்ணா சரியா வரும்னு பார்ப்பாரு. பாவம், அவரு கண்ணு அப்படி."

'பாவம்' என்று சொன்னாள். அதை நான் சேர்க்கவில்லை.

குளிருக்கு என் மேல்சட்டையைக் கொடுத்தேன். அந்த ஒரு வாரமும் அப்படித்தான் இருந்தாள். படங்களைத் திரும்பவும் வைத்திருக்கிறேன்.

உங்கள்
மைத்துனன்

*

மே 9

மச்சான்,

வந்தது.

முதலில் நீ என்னைப் பழிவாங்குகிறாய் என்று நினைத்தேன். படத்திலிருந்து உன்னை வெட்டியதற்குப் பதிலாக எவனோ ஒருவனைக் காட்டி இவள்தான் உன் பெண்டாட்டி என்கிறாய் என்று. அப்படி நம்பிக்கொண்டு ஒரு வாரம் நன்றாகவே கோபமாக இருந்தேன். கோபம் ஒரு சௌகரியம், வேளாவேளைக்குப் பசிக்கிறது.

பிறகு காதைப் பார்த்தேன். படத்தைத் திருத்தும் டச்சிங் வேலையில் நாங்கள் எதையும் விடுவதில்லை, கழுத்துச் சுருக்கம்வரை போவோம். காதை மட்டும் யாரும் தொடுவதில்லை, யாரும் பார்ப்பதில்லை என்பதால். அதனால் அவள் காது எனக்குத் தெரிந்தது. மேல் மடிப்பில் ஒரு சிறு நெளிவு. அதே காது. அங்கிருந்து தொடங்கிக் கன்னத்துக்கு வந்திருக்கிறேன். தினமும் கொஞ்சம் பார்க்கிறேன். இன்னும் வாய்வரை வரவில்லை.

அரங்குக்காரர் கடைசிச் சுவருக்குப் படம் கேட்டுக்கொண்டே இருந்தார். படம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "உங்ககிட்டயா சார் படம் இல்ல?" என்று சிரித்தார்.

ஒன்று கேட்கிறேன். அந்தச் சிரிக்கிற படம். அவள் பார்ப்பது உன்னையோ உன் பக்கத்தில் எதையோ. அது படச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதற்குச் சிரித்தாள்? என்னைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரித்தாளா? அப்படி இருந்தால் கேலியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுது.

உன் மாமா

*

மே 15

மாமா,

நேற்று என் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. நீங்கள்தான் என்று தெரியும். திரும்பக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதிலைப் பேசிச் சொல்ல எனக்கு வராது. எழுதி அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம்.

கண், காது, மூக்கு வைத்துச் சொல்ல எனக்கும் தெரியும். மாமாவைப் பற்றிப் பேசித்தான் சிரித்தாள், நீங்கள் படம் எடுக்கும்போது ஒற்றைக் கண்ணை மூடுவீர்களே, அதை நடித்துக் காட்டினாள் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். கொஞ்ச நாளில் நானும் நம்பிவிடுவேன். ஆனால் அது உங்கள் வேலை, என்னுடையது இல்லை.

உங்களைப் பற்றி இல்லை, மாமா. நான் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டேன். உள்ளிருந்து கதவை நெம்பித் திறந்து, பாதி உயரத்திலிருந்து தவழ்ந்துகொண்டு வெளியே வந்தேன். அந்தக் காவலாளி என்னிடமே குனிந்து, "சார், மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. படுத்தபடியே எடுத்தேன். வேறு காரணம் இல்லை.

உங்களுக்காக அவள் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பி வரும்போது நம் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பையைத் திறந்தாள். பல்லை மாட்டினாள், முடியை மாட்டினாள். பேருந்து குலுங்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிப் புருவத்தை வரைந்தாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்காடா?"

"இடது கொஞ்சம் மேல போயிடுச்சு."

"எதையோ பார்த்து ஆச்சரியப்படற மாதிரி இருக்கா?"

"லேசா."

எச்சில் தொட்டு அழித்தாள். சிக்னலில் வண்டி நிற்கும்வரை காத்திருந்து மறுபடி வரைந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் சிவப்பாகவே இருக்கக் கூடாதா என்று நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப?"

"இப்ப சரியா இருக்கு."

வீட்டு வாசலில் நீங்கள் கதவைத் திறந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, முகம் எவ்வளவு தெளிவா இருக்கு" என்றீர்கள்.

அக்கா என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உங்கள்
மைத்துனன்